மருத்துவச் சீட்டு எந்த மொழியில்? எல்லையோரத் தொழிலாளர்களுக்கு ஒரு பாடம்

உங்களுக்கு உடம்பு சரியில்லை. டாக்டரைப் பார்த்தீங்க, அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை உங்களால் வாசிக்க முடியுதா? அதில் எத்தனை நாள் ஓய்வு என்று எழுதியிருக்குன்னு சொல்ல முடியுமா?

ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய பேர் இருக்காங்க. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம், சம்பளச் சீட்டில் ஆங்கிலம் என்று நாலு மொழிக்குள்ளே அவங்க வாழ்க்கை ஓடுது. பேசிப் பழகிடுவோம், அது பிரச்சினை இல்லை. ஆனா பேசத் தெரிந்த மொழி எல்லாம் வாசிக்கத் தெரிந்த மொழி ஆகிவிடாது. மருத்துவச் சீட்டு என்று வரும்போது சம்பளமும் வேலையும் சில சமயம் உயிருமே அந்தத் தாளில்தான் இருக்கு.

இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான். என்ன உரிமை இருக்கு, எது வரைக்கும் இருக்கு, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஓசூரை வைத்துச் சொன்னாலும், வாளையார், கூடலூர், மூணாறு பக்கம் இருக்கிறவங்களுக்கும் இதில் விஷயம் இருக்கு.

1. ஒரு சீட்டு, மூன்று வேலை

"மெடிக்கல் சர்டிஃபிகேட்" என்று பொதுவா சொல்கிறோம். ஆனா உங்க கைக்கு வருவது பெரும்பாலும் மூன்று வகைத் தாள்கள். மூன்றுக்கும் வேலை வேறு வேறு.

முதலாவது, ஓ.பி. சீட்டு அல்லது மருந்துச் சீட்டு. இது உங்களுக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் உரியது. எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று இருக்கும்.

இரண்டாவது, ஓய்வுச் சான்றிதழ். இது கம்பெனிக்கு உரியது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வேலைக்கு வர இயலாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சொல்வது.

மூன்றாவது, தகுதிச் சான்றிதழ். மக்கள் "ஃபிட்னஸ்" என்று சொல்வாங்க. உடம்பு தேறிவிட்டது, வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் தாள். சில சமயம் "கனமான பொருள் தூக்கக் கூடாது", "நைட் ஷிப்ட் வேண்டாம்" என்ற நிபந்தனையும் இதில் வரும்.

மொழிச் சிக்கல் மூன்றிலும் மூன்று விதமாக வருது. மருந்துச் சீட்டு புரியலைன்னா உடம்புக்கு ஆபத்து. ஓய்வுச் சான்றிதழ் புரியலைன்னா சம்பளத்துக்கு ஆபத்து. தகுதிச் சான்றிதழில் டாக்டர் எழுதிய நிபந்தனை உங்களுக்கே தெரியலைன்னா, சூப்பர்வைசர் மறுநாளே மூட்டை தூக்கச் சொல்லும்போது உங்களால் அதை எடுத்துக் காட்டவும் முடியாது.

2. டாக்டரிடம் உங்களுக்கு என்ன உரிமை?

நாடு முழுக்க டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் 2002-ல் வந்தன. இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டு வந்தவை. அதிலிருந்து தொழிலாளிக்குப் பயன்படும் மூன்று விஷயங்கள்:

முதல் விஷயம். சான்றிதழ் கொடுக்கும் டாக்டர் அதன் நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், கொடுத்த சான்றிதழ்களுக்கென்று ஒரு பதிவேடும் பராமரிக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, முகவரி, குறைந்தது ஒரு அங்க அடையாளம் சான்றிதழில் இருக்க வேண்டும். அதனால், சான்றிதழ் தொலைந்துபோச்சுன்னா பயப்பட வேண்டாம், கொடுத்த இடத்தில் கேட்கலாம். சான்றிதழை "போலி" என்று யாராவது சொன்னாலும் சரிபார்க்க வழி இருக்கு.

இரண்டாவது விஷயம். உங்க மருத்துவப் பதிவுகளை நீங்க கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுதிக் கேளுங்க, கேட்டதற்கு ஒப்புகை வாங்கிக்கோங்க.

மூன்றாவது விஷயம். மருந்தின் பொதுப் பெயரை வாசிக்கும்படி, முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. "டாக்டர் கையெழுத்து யாருக்குப் புரியும்?" என்று சிரித்துவிட்டு வர வேண்டாம். புரியும்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்பது முறையான கோரிக்கைதான்.

இதில் ஒன்றைக் கவனிங்க. சான்றிதழ் இன்ன மொழியில்தான் இருக்கணும் என்று இந்த விதிகள் சொல்லவில்லை. எனவே "தமிழில் எழுதித் தந்தே ஆகணும்" என்று பெங்களூரு டாக்டரிடம் சட்டம் பேச முடியாது. அதே போல "கன்னடத்தில் இருப்பதால் இது சான்றிதழே இல்லை" என்று சொல்வதற்கும் இந்த விதிகளில் இடமில்லை.

அப்போ புரியும் மொழி என்ற உரிமை எங்கே இருக்கு? தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் நோயாளிகள் உரிமைப் பட்டயம் ஒன்றைத் தயாரித்தது. அதில் 17 உரிமைகள். நோய் என்ன, சிகிச்சை என்ன என்பதை நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும் அளவில் சொல்ல வேண்டும் என்பது அதில் முதன்மையான ஒன்று. பட்டயம் தனிச் சட்டம் இல்லைதான். ஆனால் மருத்துவமனையில் நின்று பேசும்போது கையில் பிடிக்க ஒரு பிடி அது.

அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவாங்க. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளியின் சம்மதம் போதிய தகவலைத் தெரிந்துகொண்டு கொடுத்த சம்மதமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள படிவத்தில், யாரும் விளக்காமல், "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்றால் நிறுத்திக் கேளுங்க: "இதில் என்ன எழுதியிருக்குன்னு முதல்ல சொல்லுங்க."

3. கம்பெனியிடம் என்ன உரிமை?

தொழிலாளிக்குப் புரியும் மொழி என்பது நம்ம தொழிலாளர் சட்டங்களில் பழைய கருத்து. 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், கம்பெனியின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே பலகையில் வைக்கச் சொன்னது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-வது பிரிவும் அறிவிப்புகளுக்கு இதையே சொன்னது. வேறு மாநிலத்திலிருந்து ஒப்பந்தக்காரர் மூலம் வரும் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், அவங்களுக்குத் தரும் பாஸ்புக் இந்தி, ஆங்கிலத்தோடு தொழிலாளியின் சொந்த மொழியிலும் இருக்கணும் என்றது.

இந்த மூன்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. "பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழி" என்பதுதான் முதல் இரண்டில் இருக்கும் சொல். கம்பெனி கர்நாடகத்தில் இருந்து, அங்கே பெரும்பான்மை கன்னடம் என்றால், பலகை கன்னடத்தில்தான் இருக்கும். தமிழ் பேசும் ஒருவருக்கு அது உதவாது. சட்டம் அறிவிப்புப் பலகையைப் பற்றிப் பேசியது. நீங்க கொண்டு போகும் மருத்துவச் சீட்டின் மொழியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அதனால் நடைமுறைதான் இங்கே முக்கியம். லீவு விதிகளில் மருத்துவச் சான்றிதழ் பற்றி என்ன இருக்கு, எத்தனை நாளுக்குள் கொடுக்கணும், எந்த மொழியில் வேண்டும் என்று ஹெச்.ஆரிடமோ டைம் ஆபீஸிலோ உடம்பு நல்லா இருக்கும்போதே கேட்டு வைங்க. வாய்மொழியாகச் சொன்னால் போதாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டால் பதிலும் எழுத்தில் வரும். பிறகு "ஆங்கிலத்தில் இல்லை, வேண்டாம்" என்று திருப்பி அனுப்ப அவங்களுக்கும் கஷ்டம்.

4. இ.எஸ்.ஐ. இருக்கா? அப்போ கணக்கே வேற

மாதச் சம்பளம் ₹21,000 வரை வாங்கும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு ₹25,000. சம்பளத்தில் 0.75% உங்களிடம் பிடிப்பாங்க, கம்பெனி 3.25% கட்டும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. ஓசூரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கு.

இதில் உடம்பு சரியில்லாத நாட்களுக்குக் கிடைக்கும் பணத்தை நோய்ப் பயன் என்று சொல்றாங்க. சராசரி தினக்கூலியில் 70%, ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா போயிருக்க வேண்டும். முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் இந்தக் கழிவு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்க சராசரி தினக்கூலி ₹600 என்று வைத்துக்கோங்க. அதில் 70% என்றால் ₹420. டாக்டர் 3-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை 10 நாள் ஓய்வு எழுதினார். முதல் 2 நாள் போக 8 நாள். 8 × 420 = ₹3,360. இப்போ அந்த "12" சரியாகத் தெரியாமல் "7" என்று பதிவாகிவிட்டதுன்னு வைத்துக்கோங்க. மொத்தம் 5 நாள், கழிவு போக 3 நாள், ₹1,260. ஒரு தேதி தெளிவா இல்லாததால் ₹2,100 போச்சு. அது மட்டுமா? 8-ஆம் தேதியிலிருந்து நீங்க "சொல்லாமல் வராதவர்" ஆகிடுறீங்க.

பணத்தைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இதில் இருக்கு. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு, நோய்ப் பயன் வாங்கும் காலத்திலும் மகப்பேறுப் பயன் வாங்கும் காலத்திலும் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்றது. ஆனா அந்தப் பாதுகாப்புக்கு வழி முறையான சான்றிதழ்தான். சீட்டு சரியா இருந்தால்தான் கேடயம் கையில் இருக்கும்.

இ.எஸ்.ஐ.யில் சான்றிதழ் முதல், இடைக்கால, இறுதி என்று படிப்படியா வரும். உடம்பு இன்னும் தேறலைன்னா இடைக்காலச் சான்றிதழ் வாங்காமல் வீட்டில் இருந்துவிடாதீங்க. இறுதிச் சான்றிதழில்தான் வேலைக்குத் திரும்பும் தேதி இருக்கும். நோய்ப் பயன் வாங்கும் நாளில் வேலையும் பார்த்தால் அந்த நாளுக்குப் பயன் கிடையாது. எனவே தேதிகள் உங்களுக்குத் தெளிவா தெரிந்திருக்கணும்.

எல்லையோரத்தில் இருக்கிறவங்க செய்யக்கூடிய நல்ல காரியம்: கம்பெனி அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்றால், டிஸ்பென்சரியை வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றித் தரக் கம்பெனி மூலமா கேளுங்க. உங்க மொழியில் பேசும் டாக்டர் கிடைக்க அதுதான் நேர் வழி. வெளியே தனியார் டாக்டரிடம் அவசரத்துக்குப் போயிருந்தால், அந்தத் தாள்களோடு சீக்கிரமே இ.எஸ்.ஐ. டாக்டரைப் பாருங்க. நாள் கடந்தால் விளக்கம் சொல்வது கஷ்டம்.

5. புகார் எந்த மொழியில் எழுதலாம்?

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அரசியலமைப்புச் சட்டத்தின் 350-வது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? ஒரு குறையைத் தீர்க்கச் சொல்லி மத்திய அரசின் அதிகாரிக்கோ மாநில அரசின் அதிகாரிக்கோ எவரும் மனு கொடுக்கலாம். மத்திய அரசு என்றால் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அரசு என்றால் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம்.

இதை நம்ம விஷயத்துக்குப் பொருத்திப் பாருங்க. இ.எஸ்.ஐ. கழகம் மத்திய அரசின் கீழ் வருவது. பெங்களூரில் உள்ள அதன் அலுவலகத்துக்கும் உங்க குறையைத் தமிழில் எழுதலாம். கர்நாடக அரசின் தொழிலாளர் அலுவலருக்கும் தமிழில் எழுதலாம், ஏன்னா அந்த மாநிலத்தில் தமிழும் வழங்கும் மொழிதான்.

இது நமக்கு மட்டும் உள்ள சலுகை இல்லைங்க. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் நம்ம மாநிலத்து மக்கள் நிறைய பேர். அவங்க தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தெலுங்கிலோ கன்னடத்திலோ மனு கொடுக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளும் இ.எஸ்.ஐ. குறையை அவங்க மொழியில் எழுதலாம். உங்க லைனில் வேலை பார்க்கும் அப்படி ஒருவருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுங்க.

350-வது பிரிவின் எல்லையையும் தெரிஞ்சுக்கோங்க. மனு கொடுக்கும் மொழியைப் பற்றித்தான் அது பேசுது. பதிலும் அதே மொழியில் வரணும் என்று அதில் இல்லை. தனியார் கம்பெனிக்கும் அது பொருந்தாது.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கதை வேறு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில்தான் விண்ணப்பிக்கலாம். அத்திப்பள்ளியில் உள்ள அலுவலகத்துக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுதுவது எளிது. ஓசூரில் தமிழே போதும்.

கேரளப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். கேரள ஆட்சிமொழிகள் சட்டம், 1969 அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மை மக்களுக்குத் தனி இடம் கொடுத்திருக்கு. தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களோடும் தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம். பதிலும் அந்த மொழியிலேயே வரணும். தோட்டத் தொழிலாளர்கள் இதைக் குறித்து வைத்துக்கோங்க.

6. டாக்டர் முன்னாடி உட்காரும்போது

உரிமை எல்லாம் சரி, நேரில் என்ன பேசுறது? கர்நாடகப் பக்கம் போகிறவங்களுக்கு இந்த வாக்கியங்கள் உதவும். தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

- "நனகெ கன்னட ஓதக்கெ பரல்ல": எனக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது.
- "தயவிட்டு இங்லீஷ்னல்லி பரெது கொடி": தயவுசெய்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்க.
- "எஷ்டு தின ரெஸ்ட்?": எத்தனை நாள் ஓய்வு?

சீட்டிலும் மருந்துக் கவரிலும் வரும் சொற்கள்: "மாத்ரெ" என்றால் மாத்திரை. "ஊட்டக்கெ முஞ்சே" சாப்பாட்டுக்கு முன், "ஊட்டத நந்தர" சாப்பாட்டுக்குப் பின். "பெளிக்கெ" காலை, "ராத்ரி" இரவு. "விஷ்ராந்தி" ஓய்வு, "ரஜெ" விடுமுறை. "நோவு" என்பதற்குப் பொருள் சொல்லவே வேண்டாம், நம்ம நோவுதான். எண்களில் மட்டும் கவனம்: கன்னட எண்களின் வடிவம் வேறு. தேதியை நமக்குப் பழகிய எண்களில் எழுதித் தரச் சொல்லுங்க.

ஆங்கிலச் சீட்டில் வரும் சுருக்கங்களும் தெரிந்திருக்கட்டும். ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். 1-0-1 என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று.

அறையை விட்டு வெளியே வரும் முன் சீட்டில் இந்த ஆறும் இருக்கான்னு பாருங்க:

1. உங்க பெயர், ஆதாரில் இருக்கும் அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில். இனிஷியல் முன்னாடியா பின்னாடியா என்பதும் அதே மாதிரி. பெயர் ஒரு எழுத்து மாறினாலும் பயன் கேட்கும்போது இழுத்தடிப்பு வரும்.
2. ஓய்வு தொடங்கும் தேதி, முடியும் தேதி. "ஒரு வாரம்" என்று மட்டும் இருந்தால் போதாது.
3. சான்றிதழ் கொடுத்த தேதி.
4. டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, முத்திரை.
5. உங்க கையெழுத்து அல்லது கைரேகை, அங்க அடையாளம்.
6. வேலைக்குத் திரும்பும்போது நிபந்தனை ஏதும் இருந்தால் அது.

7. மொழிபெயர்க்கிறது யாரு?

சூப்பர்வைசரோ கான்ட்ராக்டரோ கூடவே வந்து, உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் பேசிக் கொடுப்பது எல்லையோரத்தில் சாதாரணம். உதவிதான், மறுக்கலை. ஆனா உங்க நோய் என்ன என்பது உங்க சொந்த விஷயம். குறிப்பா பெண்கள், கர்ப்பம் பற்றியோ மாதவிடாய்ப் பிரச்சினை பற்றியோ லைன் சூப்பர்வைசர் வழியா டாக்டரிடம் சொல்ல வேண்டிய நிலை வரவே கூடாது. நர்ஸ் யாருக்காவது தமிழ் தெரியுமா என்று கேளுங்க. இல்லைன்னா வீட்டில் இருப்பவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்க. எச்.ஐ.வி. நிலையை ஒருவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதையும், அதைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதையும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்குது.

நிறைய பேர் போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து சீட்டைப் படம் பிடிப்பாங்க. அச்சிட்ட எழுத்துக்கு அது ஓரளவு உதவும். கையெழுத்துக்கு நம்ப முடியாது. மருந்துப் பெயர், அளவு, தேதி இந்த மூன்றையும் செயலி சொன்னதை வைத்து முடிவு செய்யாதீங்க. மருந்துக் கடையில் பார்மசிஸ்டிடம் கேட்டு, ஒவ்வொரு அட்டையிலும் எத்தனை வேளை என்று உங்க மொழியில் நீங்களே பேனாவால் எழுதிக்கோங்க.

கம்பெனி "ஆங்கிலத்தில் வேண்டும்" என்று சொன்னால் என்ன பண்றது? முதலில் அதே டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேளுங்க. முடியலைன்னா, அசல் சீட்டின் நகலோடு ஆங்கில ஆக்கத்தை ஒரு தாளில் எழுதி, "இது அசலின் சரியான மொழிபெயர்ப்பு" என்று கையெழுத்திட்டுச் சேர்த்துக் கொடுங்க. அசல் உங்களிடமே இருக்கட்டும். அசலையே கேட்டால், கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, வாங்கினதுக்கு ஒப்புகை கேளுங்க.

8. அன்றைக்கே அனுப்ப வேண்டிய ஒரு செய்தி

சான்றிதழ் கையில் வந்த அன்றே கம்பெனிக்கு வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ செய்தி போகணும். மாதிரி இதோ:

"ஐயா / அம்மா, என் பெயர் (பெயர்), பணியாளர் எண் (எண்). உடல்நலக் குறைவால் (தேதி) முதல் (தேதி) வரை ஓய்வில் இருக்க மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். சான்றிதழின் படம் இணைத்துள்ளேன். அசலை வேலைக்குத் திரும்பும் நாளில் காட்டுகிறேன். வேறு ஆவணம் ஏதும் தேவையென்றால் தெரிவிக்கவும். இப்படிக்கு, (பெயர், தேதி)."

இதில் நோயின் பெயரைச் சொல்லவில்லை, பாருங்க. வேலைக்கு வர இயலாத காலம்தான் செய்திக்குத் தேவை.

அனுப்பிய செய்தியை அழிக்காதீங்க. போனில் "மெடிக்கல்" என்று ஒரு போல்டர் போட்டு, சீட்டு, பில், செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே இடத்தில் வைங்க. போன் தொலைந்தாலும் கிடைக்கும்படி உங்க ஈமெயிலுக்கு ஒரு நகல் அனுப்பி வைப்பது இன்னும் நல்லது.

9. சிக்கல் வந்தால் எங்கே போறது?

இ.எஸ்.ஐ. பற்றிய குறை என்றால் கட்டணமில்லா எண் 1800-11-2526. தமிழ்நாட்டு அரசுத் துறைகள் சம்பந்தப்பட்டது என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. மருத்துவ ஆலோசனைக்கு 104.

சம்பளம் பிடித்தாங்க, வேலையை விட்டு நிறுத்தினாங்க என்றால் தொழிலாளர் அலுவலகம்தான். இதில் ஒன்று ஞாபகம் வைங்க: நீங்க குடியிருக்கும் ஊரை வைத்து அலுவலகம் முடிவாகாது, வேலை பார்க்கும் இடத்தை வைத்துத்தான் முடிவாகும். கம்பெனி அத்திப்பள்ளியில் என்றால் கர்நாடகத் தொழிலாளர் துறை. ஓசூர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவுப்படி தொழிலாளர்கள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளி என்றால் வருமானத்தைப் பார்க்காமலேயே தகுதி இருக்கு. எண் 15100. எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடலாம்.

புரிஞ்சுதா? நீங்களே சோதித்துப் பாருங்க

கேள்வி 1: டாக்டர் "ஒரு வாரம் ரெஸ்ட்" என்று மட்டும் எழுதியிருக்கார். போதுமா?
பதில்: போதாது. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதி வாங்குங்க.

கேள்வி 2: பெங்களூரு இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குத் தமிழில் குறை மனு அனுப்பலாமா?
பதில்: அனுப்பலாம். 350-வது பிரிவு. பதில் தமிழில் வரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி 3: அதே ஊரில் உள்ள கர்நாடக அரசு அலுவலகத்துக்குத் தகவல் உரிமை விண்ணப்பம்?
பதில்: ஆங்கிலம், இந்தி அல்லது கன்னடம்.

கேள்வி 4: அசல் சான்றிதழை ஹெச்.ஆர். வாங்கிக்கிட்டார், நகல் இல்லை. வழி உண்டா?
பதில்: உண்டு. கொடுத்த டாக்டரிடம் நகல் இருக்க வேண்டும். எழுதிக் கேளுங்க, 72 மணி நேரம்.

கேள்வி 5: இரண்டு நாள் காய்ச்சலுக்கு இ.எஸ்.ஐ. நோய்ப் பயன் கிடைக்குமா?
பதில்: பொதுவா கிடைக்காது, முதல் இரண்டு நாளுக்குப் பணமில்லை. ஆனா சான்றிதழ் வாங்காமல் விடாதீங்க. காய்ச்சல் நீண்டால் நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

ஐந்துக்கும் சரியா சொன்னீங்களா? அப்போ 6-வது பகுதியில் உள்ள ஆறு அம்சப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க ஷிப்ட் குழுவுக்கு இன்றைக்கே அனுப்பிடுங்க. அடுத்து உடம்பு சரியில்லாமல் போகப் போவது யாருன்னு தெரியாது. யாராக இருந்தாலும் டாக்டர் முன்னாடி உட்காரும்போது அந்தப் பட்டியல் அவங்க போனில் இருக்கட்டும்.